கேட்காத காபி

ஒரு பெண் கேட்காத காபியை, அவள் கேட்டாள் என்று நான் சொன்னேன். ஒரு முறை கூட்டத்தின் நடுவே சொன்னேன். இன்னொரு முறை, வருஷங்கள் கழித்து அவளே என் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டபோது, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

இதுதான் என் குற்றம். ஒரு டம்ளர் காபியில் என்ன பெரிய குற்றம் என்று சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு, அப்போதும் சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.

அதற்கு முன்னால் நான் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஆளைத் தெரியாமல் தண்டிப்பது நியாயம் இல்லை அல்லவா?

என் பெயர் கோதண்டம். இரும்புலியூரில் எருமை மேய்த்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது வடை மடிக்கிற பழைய பேப்பரில். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே கீற்றுப் பந்தல் போட்டு, ஒரு பம்ப் ஸ்டவ்வும் ஒரு வாணலியுமாக உட்கார்ந்தேன். பிடுங்கிப் போட்டார்கள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் பிடுங்கினார்கள். மறுபடியும் போட்டேன்!

அந்தப் பந்தலிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் மாடிக் கட்டடம் எழுப்பினேன். எருமைக்காரன் கையால் எவன் இட்லி தின்பான் என்று என் சொந்தப் பங்காளிகளே எச்சில் துப்பினார்கள். சைவ ஓட்டல் நடத்துவதற்கு அதற்கென்று பிறந்தவர்கள் வேண்டும் என்று படித்தவர்கள் உபதேசம் செய்தார்கள். வெயில் காலத்தில் ஊரெல்லாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, பாறையை உடைத்து போர் போட்டு, கை கழுவும் குழாயில் தண்ணீர் கொட்ட வைத்தேன். இஞ்சினியர் முடியாது என்று சொன்ன இடத்தில் சமையல்கட்டுக்குப் புகைக்கூண்டு ஏற்றினேன். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் ஒருத்தனும் நினைத்துப் பார்க்காத காலத்தில், மாடியில் பெண்டுபிள்ளைகளுக்கென்று தனியாகக் குடும்ப அறை கட்டினேன். எல்லாம் நான். யாரும் கை கொடுக்கவில்லை.

போதும். இனி குற்றத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளில் ஒரு மாறுதல் வந்தது. அதற்கு முன்னால் ஓட்டலில் சாப்பிடுகிறவன் என்றால் பிரயாணம் போகிறவன், இல்லை கல்யாணம் ஆகாதவன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டலுக்குப் போகிற பெண்ணை, வீட்டில் உலை வைக்கத் தெரியாதவள் என்பார்கள். பிறகு தொழிற்சாலைச் சம்பளம் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, வண்டலூரில் மிருகக்காட்சிசாலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை புலியைக் காட்டிவிட்டுத் திரும்புகிற குடும்பமெல்லாம் பொழுது சாய்கிற நேரத்தில் என் மாடிப்படியில் ஏறின.

சின்னக் குழந்தையோடு ஓட்டலுக்கு வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். நீங்களே அப்படி வந்தவராகவும் இருப்பீர்கள். நடந்து நடந்து களைத்த குழந்தை, தூங்குவதா அழுவதா என்று தெரியாமல் தோளில் தொங்கும். உட்கார்ந்ததும் விழித்துக்கொள்ளும். பூரி உப்பலாக வேண்டும் என்று கேட்கும். உப்பலாக வந்ததைக் குத்திக் காற்றை விட்டுவிட்டு, இது வேண்டாம், வேறு உப்பல் வேண்டும் என்று அழும். இட்லிக்குச் சர்க்கரை கேட்கும். தண்ணீரைக் கவிழ்க்கும். மேஜைக்கு அடியில் போய்ப் பக்கத்து மேஜைக்காரர் செருப்பைத் தூக்கிக்கொண்டு வரும். அப்பாவும் பாட்டியும் சாப்பிட்டு முடிப்பார்கள். அம்மா அதற்கு ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, அதன் பிறகுதான் தன் ஆறிப்போன தோசையைத் தொடுவாள்.

அவளுக்கு அது வாரத்தில் ஒரு நாள் சமையல் இல்லாத ராத்திரி. எனக்கு அது காலியாகாத ஒரு மேஜை!

நம் ஊர் ஓட்டல் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இடம் இல்லாவிட்டால், சாப்பிடுகிறவன் முதுகுக்குப் பின்னால் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஞாயிறு சாயங்காலம் என் குடும்ப அறையில் உட்கார்ந்திருப்பவர்களைவிட நிற்பவர்கள் அதிகம். வாடிக்கைக்காரரைப் பார்த்து எழுந்திரு என்று முதலாளி சொல்லலாமா? சொல்லக் கூடாது. ஆகவே சொல்லாமல் எழுப்ப நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் புத்தி! அப்போது அதை நினைத்து எவ்வளவு பூரித்துப் போயிருந்தேன்...

காபி என்பது நம்மிடம் கடைசி. காபி வந்துவிட்டால் டிபன் முடிந்தது என்று அர்த்தம். அதனால் குழந்தைக் குடும்பம் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருக்கும் மேஜையில், அவர்கள் கேட்பதற்கு முன்பே, கொதிக்கக் கொதிக்க டபரா டம்ளரில் காபியைக் கொண்டுபோய் வைத்துவிடுவது. எங்கள் சப்ளையர்கள் அதற்கு எழுப்புக் காபி என்று பேர் வைத்திருந்தார்கள். மாடிக் கல்லாவில் உட்கார்ந்தபடி மேஜையைப் பார்த்து, மோதிர விரலால் கல்லாக் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவேன். போதும், சப்ளையருக்குப் புரியும்.

யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கணவன், மனைவி சொல்லியிருப்பாள் என்று நினைப்பான். மனைவி, கணவன் சொல்லியிருப்பான் என்று நினைப்பாள். மாமியார் இருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள் என்று நினைப்பாள். ஆறிப்போகுமே என்கிற பயத்தில் அவசர அவசரமாக வாயில் திணித்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

என்னிடம் நெடுநாள் இருந்த சப்ளையர் ஏகாம்பரம் இதைப் பற்றி ஒரு கிண்டல் வைத்திருந்தான். "மொதலாளி, இது காபி இல்ல, கலெக்டர் ஆர்டர். வச்சவுடனே காலி பண்றான் பாருங்க" என்பான். நான் சிரித்து அவன் முதுகில் தட்டுவேன்.

இப்போது யோசிக்கிறேன். அந்தக் காபி யாரை எழுப்பியது? கணவன் ஏற்கெனவே கை கழுவியிருப்பான். பாட்டி வெற்றிலைக்குத் தயாராக இருப்பாள். எழும்பியது அம்மாதான். ஒவ்வொரு ஞாயிறும், மேஜைக்கு மேஜை, அரை வயிற்றோடு எழும்பியது அம்மாக்கள்தான். அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும்... இல்லை, பொய் சொல்லமாட்டேன். பட்டிருந்தாலும் தட்டியிருப்பேன்.

அது கோடை விடுமுறை. மிருகக்காட்சிசாலைக் கூட்டம் படிக்கட்டு வரைக்கும் நின்றது. ஓரத்து மேஜையில் குரோம்பேட்டைக் குடும்பம் ஒன்று. கணவன், அவன் அம்மா, மனைவி, மனைவியின் மடியில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை. மஞ்சள் கவுன். அந்த இளம்பெண் இட்லியைச் சர்க்கரையில் தொட்டு ஊட்ட, அது துப்ப, மறுபடியும் ஊட்ட, மறுபடியும் துப்ப...

அவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நிச்சயதார்த்தம் முடித்துவிட்டு வந்த ஒரு பெரிய கூட்டம். அதில் எனக்குப் பழக்கமான நிலத் தரகர் ஒருவர். நான் பந்தல் போட்டுப் பிடுங்கப்பட்ட நாட்களைப் பார்த்தவர். அத்தனை பேர் காதிலும் விழும்படி அவர் கேட்டார்:

"இன்னா கோதண்டம், எங்களுக்கு எடம் கெடைக்குமா? இல்ல, பழைய பந்தல் மாதிரி நின்னுகினே துன்றதா?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது. ஓரத்து மேஜையைப் பார்த்தேன். கண்ணாடியைத் தட்டினேன்.

ஏகாம்பரம் நகரவில்லை. கல்லா பக்கம் வந்து குனிந்து, "மொதலாளி, அந்தம்மா இப்பத்தான் தோசைல கை வச்சிக்கீது. மடியில கொழந்த வேற கீது" என்றான்.

"வைடா" என்றேன்.

அந்த ஒரு சொல்... அதை யாருடைய தலையிலும் கட்ட முடியாது. அவன் எச்சரித்தான். நான் வை என்றேன். அவன் வைத்தான்.

மேஜையில் தட்டும் கிண்ணமுமாக நிறைந்திருந்தது. ஓரத்தில் மட்டும் இடம் இருந்தது. அந்தப் பெண் தலை நிமிர்ந்து காபியைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பி அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவள் அவசரமாக ஒரு துண்டு தோசையைப் பிய்த்தாள். குழந்தை பளபளக்கிற டபராவைக் கண்டது. கையை நீட்டியது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. உங்களுக்கும் வேண்டாம்.

நான்தான் முதலில் ஓடினேன். அதை யாரும் மறுக்க முடியாது! மாவு கொண்டு வாடா என்று கத்தினேன். இட்லி மாவை அள்ளி அந்தப் பிஞ்சுக் கையிலும் நெஞ்சிலும் அப்பினேன். தீப்பட்ட இடத்துக்கு மாவுதான் என்பது எங்கள் சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். குளிர்ந்த தண்ணீரை ஊற்றியிருக்க வேண்டும், மாவு அப்பியது கெடுதல் என்று டாக்டர் பிற்பாடு திட்டினார். என் போரில் தண்ணீருக்கா பஞ்சம்? குழாய் பத்தடி தள்ளி இருந்தது. எனக்குத் தோன்றவில்லையே...

குழந்தை அலறுகிறது. கூட்டம் சூழ்ந்துவிட்டது. யாரோ ஒருவர், "இவ்ளோ சூடா யாருய்யா கொழந்த முன்னாடி கொண்டாந்து வச்சது?" என்று கேட்டார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பி, அங்கிருந்து என் பக்கம் வந்தன. தரகரும் பார்த்தார். நிச்சயதார்த்தக் கூட்டம் மொத்தமும் பார்த்தது. பத்து வருஷமாக நான் சுமந்து கட்டிய செங்கல் எல்லாம் ஒரே நொடியில் ஆடியதுபோல் இருந்தது. அப்போது என் வாய் பேசியது. நான் யோசிக்கவில்லை, வாய்தான் பேசியது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய் யாருடையது?

"சின்னக் கொழந்தய மடியில வச்சிக்கினு, சூடா காபி கேட்டு வாங்கி ஓரத்துல வச்சிக்கினா இன்னா ஆவும்? பெத்தவங்கதான் பாத்துக்கணும்."

அவ்வளவுதான். திரும்பிய தலைகள் எல்லாம் மறுபடியும் திரும்பின. இந்தத் தடவை அந்தப் பெண்ணின் பக்கம்.

மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வீட்ல காபி வேணாம்னுட்டு இங்க வந்து கேட்டாளா?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டாள். கணவன் எழுந்தான். மனைவியின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கித் தன் அம்மாவிடம் கொடுத்தான்.

அடித்திருந்தால்கூட எனக்கு மறந்து போயிருக்கும். பிடுங்கினான். அவள் எதிர்க்கவில்லை. வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் அந்தத் தோசைத் துண்டு அப்படியே இருந்தது.

என் அம்பாசடர் காரில் நானே ஓட்டிக்கொண்டு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனேன். பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு மாமியாரும் கணவனும். அவள் முன்சீட்டில், என் பக்கத்தில். வழி நெடுகத் திரும்பித் திரும்பிக் குழந்தையைப் பார்த்தாள். தொடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு ரயில்வே கேட் வேறு மூடிக் கிடந்தது. அம்மா, நீ கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை பிழைத்தது. முன்கையிலிருந்து நெஞ்சு வரைக்கும் தோல் சுருங்கிப் போனது. நான் பழமும் இளநீரும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். செலவையும் ஏற்றேன். கணவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி யார் சார் இருப்பாங்க என்று கண் கலங்கினான். அவள் கதவோரமாக நின்றிருந்தாள்.

அன்றோடு எழுப்புக் காபியை நிறுத்தினேன். ஏன் என்று ஒரு சப்ளையரிடமும் சொல்லவில்லை. பெருங்களத்தூர் ஆசாரியை வரவழைத்து, குழந்தைகளுக்கென்று உயரமான நாற்காலி செய்யச் சொன்னேன். முன்னால் குறுக்குக் கட்டை, கீழே விழாமல் இடுப்புக்கு ஒரு வார். மூலை எல்லாம் இழைத்து வழவழப்பாக்கினேன். குழந்தை இருக்கும் மேஜைக்குக் காபி, பெரியவர்கள் கேட்ட பிறகு, ஆற்றித்தான் போகும். குழந்தைக்குக் காரமில்லாத இட்லியும் ஒரு டம்ளர் இளஞ்சூட்டுப் பாலும் இலவசம். தாம்பரம் முழுக்கக் குழந்தைகள் ஓட்டல் என்றே பேர் ஆகிவிட்டது!

வியாபாரம் இரண்டு மடங்கு ஆனது. பார்த்தீர்களா... அதுவும் எனக்கு லாபமாகவே முடிந்தது.

வியாபாரிகள் சங்கம் ஒன்று மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியது. மைக்கைக் கொடுத்தார்கள். நாலாம் வகுப்புக்காரன் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? "ஒரு தாயின் கவனக்குறைவால் ஒரு குழந்தை துடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றுதான் முடிவு செய்தேன்" என்றேன். கைதட்டினார்கள். நானும் நம்பினேன். கைதட்டுகிற சத்தத்தில் எதையும் நம்பலாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தனவே! மாடிப்படியில் குழந்தைச் சத்தம் கேட்டால் என் கை எண்ணிக்கொண்டிருக்கும் நோட்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு மேஜையாகக் கண் போகும். டம்ளர் எங்கே, சாம்பார்க் கிண்ணம் எங்கே, குழந்தையின் கை எங்கே... கல்லாவை விட்டு எழுந்து போய், யார் யார் மேஜையிலோ இருக்கிற சூடான பாத்திரத்தை நடுவுக்குத் தள்ளி வைப்பேன். என்ன அக்கறை என்று தாய்மார்கள் மெச்சுவார்கள். அக்கறையா அது? படியேறி வருவது அவளாக இருக்குமோ என்கிற பயம்! அவளுக்கு ஞாபகம் வந்திருக்குமோ, எல்லார் எதிரிலும் நின்று கேட்பாளோ என்கிற பயம்.

அவள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வார நாளில், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த பிறகு, தனியாக வந்தாள். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தெரியாததுபோல் பார்த்தேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். உட்காரச் சொன்னேன். கூட்டம் இல்லாத அறையில் மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அன்னிக்கு நாங்க காபி கேட்டோமா சார்?"

நான் எந்தக் கேள்விக்கு ஏழு வருஷமாக நடுங்கினேனோ அதே கேள்வி. கோபமாகக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். தொலைத்த சாவியைப் பற்றி விசாரிக்கிறவள் மாதிரி கேட்டாள்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். குழந்தைக்கு அப்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். அதற்காகவே காபியை விட்டிருந்தாளாம். கணவர், தான் கேட்கவில்லை என்கிறார், மாமியாரும், தான் கேட்கவில்லை என்கிறார், அப்படியானால் மிச்சம் இருப்பது அவள்தான்.

"எனக்குக் கேட்ட ஞாபகமே இல்ல சார். ஆனா சொல்லிச் சொல்லி, இப்ப கேட்ட மாதிரியும் இருக்கு."

பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாளாம். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் போகிறாளாம். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அந்தக் கையைப் பார்த்து யாராவது கேட்டால், அம்மா காபி குடித்த கதையை மாமியார் ஆரம்பித்துவிடுவாளாம். இப்போது இரண்டாவதாக ஒரு பையன் பிறந்திருக்கிறான். சில மாதக் குழந்தை.

"சின்னவன பால் குடுக்கற நேரம் மட்டும் என் கையில குடுக்கறாங்க சார். குடிச்சதும் வாங்கிக்கறாங்க. ராத்திரி அவங்ககிட்டதான் படுத்துக்கறான். ஓட்டல்காரரே சொன்னாருன்னுதான் இவரு எப்பவும் சொல்லுவாரு. நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

முடிக்கவில்லை. மேஜையின் மேல் கை இரண்டையும் கோத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை! அவள் என் ஓட்டலைக் கேட்கவில்லை. நஷ்ட ஈடு கேட்கவில்லை. போலீசுக்குப் போவேன் என்று மிரட்டவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஒரு குழந்தை தன் தாயிடம் படுத்துத் தூங்கும்.

அடுத்த வாரம் ஏ.சி. ஹால் திறப்பு விழா. பத்திரிகை அடித்தாகிவிட்டது. குழந்தைகளின் நண்பர் என்று என் பேருக்கு முன்னால் போட்டிருந்தார்கள். அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விழா இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது இருந்திருக்கும். கெட்டவன் என்று ஒருத்தி என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. பாறையை உடைத்தவனுக்கு அந்தத் தைரியம் இல்லை!

"கேட்டீங்கம்மா" என்றேன்.

"யாரு சார், நானா?"

"நீங்கதான். என் காதால கேட்டேன். வூட்டுக்காரருக்குன்னு கேட்டிருப்பீங்க, மறந்து போயிருக்கும்."

அவள் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. மறுத்துப் பேசியிருந்தால் நான் உடைந்து போயிருப்பேனோ என்னவோ... தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப சரி சார். தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."

எழுந்து படியிறங்கிப் போனாள். குடிக்க என்ன வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை.

கை கழுவும் இடத்தில் ஏகாம்பரம் டம்ளர் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அவங்க கேக்கல மொதலாளி" என்றான்.

"தெரியும்டா."

"தெரிஞ்சிகினு ஏன் ஒக்காந்துகினு கீற? இன்னும் ரோட்டக்கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க. போ."

அதுவரைக்கும் அவன் என்னை ஒருமையில் பேசியது கிடையாது.

ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டுவது உங்களுக்குத் தெரியாததா? லாரி, பஸ், மறுபடியும் லாரி. ஒரு அடி வைப்பாள், பின்வாங்குவாள். ஒரு அடி வைப்பாள், பின்வாங்குவாள். நான் இறங்கிப் போய் வெற்றிலை போட்டுவிட்டு வந்திருக்கலாம், அவ்வளவு நேரம் நின்றாள். அந்த ரோடு எனக்காகவே அவளை நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது.

அவள் தாண்டி முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அடிபடாமல் போய்ச் சேர்ந்தாளே என்று பெருமூச்சு வேறு விட்டேன். எப்படிப்பட்ட ஆள் நான்!

திறப்பு விழா நன்றாக நடந்தது. ஏகாம்பரம் அதற்கு மறுநாள் கணக்கு முடித்துக்கொண்டு போனான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் மச்சானோடு சேர்ந்து கடை போடப் போவதாகச் சொன்னான். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும், அவன் அதைச் சொல்லவில்லை. போகும்போது ஒரு கும்பிடு போட்டான். சப்ளையர் போடுகிற கும்பிடாக அது இல்லை. துக்க வீட்டில் போடுகிற கும்பிடாக இருந்தது.

அந்தக் குடும்பத்தைத் தேடி நான் போனேன். ஆமாம், போனேன்! குரோம்பேட்டையில் தெருத்தெருவாக விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டிக் கிடந்தது. கணவனுக்கு வெளியூருக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்ன துரதிர்ஷ்டம் என்று திரும்பினேன். இந்தக் கதையை என் மனைவியிடம் இந்த மட்டும் சொல்லியிருக்கிறேன். அவளும் உச்சுக் கொட்டினாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன செய்தி என் காதுக்கு எட்டிய பிறகுதான் நான் தேடிக் கிளம்பினேன். பூட்டிய வீடு என்று தெரிந்துதான் கதவைத் தட்டினேன்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. ஓட்டலைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த ஊரில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பக்கத்து மேஜையில் குழந்தை இருக்கிறதா, சூடான பாத்திரம் எங்கே இருக்கிறது... என் பேரப்பிள்ளைகள் என்னோடு ஓட்டலுக்கு வருவதற்கே சலித்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது அறுபதை ஒட்டியிருக்கும். இருக்கிறாளோ இல்லையோ. காபியைக் கேட்டது தான்தான் என்று நம்பிக்கொண்டே எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்தாளோ... சின்னவன் யாரை அம்மா என்று ஒட்டிக்கொண்டு வளர்ந்தானோ...

மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்று நினைத்தால் அது தப்பு. மன்னிப்பதற்கு உரிமை உள்ளவளுக்கு நான் அதற்கான வாய்ப்பையே கொடுக்கவில்லை. உங்களுடைய மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

எனக்கு வேண்டியது வேறு. மஞ்சள் கவுன் போட்டிருந்த குழந்தையே, இதை நீ படிப்பாயா என்று தெரியாது. நீயும் இன்று மடியில் ஒரு குழந்தையோடு ஏதோ ஒரு ஓட்டல் மேஜையில் உட்காருகிறவளாக இருப்பாய். உன் கையைப் பார்த்து யாராவது கேட்கத்தான் கேட்பார்கள். அப்போது உன் அம்மா காபி குடித்த கதையைச் சொல்லாதே. அவள் கேட்கவில்லை. உன் அப்பா கேட்கவில்லை. உன் பாட்டியும் கேட்கவில்லை. தாம்பரத்தில் கோதண்டம் என்று ஒரு ஓட்டல்காரன் வை என்றான், அதனால் வந்தது என்று சொல். ஏகாம்பரத்தின் பேரையும் இழுக்காதே, அவன் வேண்டாம் என்றவன்.

நான் செய்த எதற்கும் இன்னொருத்தன் பேர் வாங்கிக்கொண்டு போக விட்டவன் இல்லை. இத்தனை வருஷம் உன் அம்மா தூக்கிச் சுமந்தது என்னுடையது. அதில் ஒரு துளிகூட அவளுக்குப் பங்கு கிடையாது. அவள் உயிரோடு இருந்தால் இன்றைக்கே அவளிடம் போய்ச் சொல். இல்லாவிட்டால், அந்தக் கதையைக் கேட்டிருக்கிற ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொல். என் பேரைச் சொல்லியே சொல்ல வேண்டும்.